2003 மாடல் இ-450 மோட்டார்ஹோம்: எல்டி225/75ஆர்16 டயருக்குப் பதிலாக வேறு அளவு போடலாமா?

ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கு அருகில் வசிக்கிறோம். சென்ற ஆண்டு, 29 அடி நீளமுள்ள பழைய சி-வகை மோட்டார்ஹோம் (வேன் முகப்புக்குப் பின்னால் வீடு போன்ற கூடு கட்டிய வண்டி) ஒன்றை வாங்கினேன். ஃபோர்டு இ-450 சேஸி (அடிச்சட்டம்), 2003ஆம் ஆண்டு மாடல், 6.8 லிட்டர் வி10 பெட்ரோல் எஞ்சின். முன்னால் இரண்டு, பின்னால் ஜோடி ஜோடியாக நான்கு, ஆக ஆறு டயர்கள். எல்லாமே எல்டி225/75ஆர்16 (எல்டி என்பது இலகு லாரி வகை, 225 மில்லிமீட்டர் அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் விட்டம் 16 அங்குலம்), லோடு ரேஞ்ச் இ, அதாவது சுமை தாங்கும் வகுப்பு இ. பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் வரிகள்) தேயவே இல்லை, பார்ப்பதற்குப் புதிதாகத்தான் இருக்கின்றன. ஆனால் பக்கச்சுவரில் உள்ள டிஓடி எண்ணின் (தயாரிப்பு அடையாள எண்) கடைசி நான்கு இலக்கங்கள் 3213, அதாவது 2013ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தவை. பத்தாண்டைத் தாண்டிவிட்ட டயர்களில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கோடையில் நெடும்பயணம் போக மனம் ஒப்பவில்லை.

சிக்கல் இதுதான். நான் விசாரித்த டயர்க்கடையில் இந்த அளவில் நல்ல டயர் வந்துசேரப் பல வாரங்கள் ஆகும் என்கிறார்கள். பிக்கப் வண்டிகளுக்குப் போடும் எல்டி245/75ஆர்16 கையிருப்பில் உள்ளது, அகலம் கூடினால் தாங்கும் திறனும் கூடும், அதையே போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். மோட்டார்ஹோம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரோ, எல்டி215/85ஆர்16 போட்டால் வண்டி சற்று உயரும், அதுவே நல்லது என்கிறார். எங்கள் வீட்டு வாசல் சரிவில் இறங்கும்போது வண்டியின் வால்பகுதி தரையில் உரசுவதால் அவர் சொல்வது கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. மணிக்கு 60 மைல் வேகத்தில் வண்டி சாலையில் இங்கும் அங்குமாக அலைகிறது என்பது இன்னொரு குறை. அகலமான டயர் அதையும் தீர்க்குமா?

இந்த மூன்றில் எதை எடுப்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நெடுவழியான் எழுதியது:

வணக்கம் நண்பரே. பட்டனைப் பார்க்காமல் தேதியைப் பார்த்தீர்களே, அது சரியான அணுகுமுறை. மோட்டார்ஹோம் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுவதுதான் வழக்கம். ஃபோர்டு கையேடு ஆறு ஆண்டில் மாற்றச் சொல்கிறது. மிஷலின் நிறுவனம் ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதித்து, எந்த நிலையிலும் பத்தாண்டுக்கு மேல் ஓட்டாதீர்கள் என்கிறது. ஆகவே மாற்றுவது உறுதி.

முதலில் எல்டி245/75ஆர்16. கடைக்காரர் சொன்ன கணக்கு பொய்யல்ல. 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் உங்கள் இப்போதைய டயர் தனியாக 2,680 பவுண்டும், ஜோடியாக இருந்தால் ஒவ்வொன்றும் 2,470 பவுண்டும் தாங்கும். லோடு ரேஞ்ச் இ-யில் 245 டயர் தனியாக 3,042, ஜோடியாக 2,778. ஆனால் அந்த எண்களுக்குள் போவதற்கு முன்னரே இரண்டு தடைகள் நிற்கின்றன. ஒன்று ரிம். உங்கள் வண்டியின் ரிம் 16 அங்குல விட்டமும் 6 அங்குல அகலமும் கொண்டது. 245/75 அளவுக்கு டயர் தொழில் ஏற்றுக்கொண்ட ரிம் அகலம் 6.5 முதல் 8 அங்குலம் வரை. 6 அங்குல ரிம்மில் அதை மாட்ட முடியும், மாட்டிக் காற்றடிக்கவும் முடியும். ஆனால் பக்கச்சுவர்கள் உள்நோக்கி இழுக்கப்பட்டு, டயரின் நடுப்பகுதி மட்டும் சாலையை அழுத்தும், பக்கச்சுவர் தேவையற்று வளையும். அப்படி மாட்டிய டயருக்கு அதன் மேல் அச்சிட்ட எடை செல்லுபடியாகும் என்று எந்த நிறுவனமும் எழுதிக் கொடுக்காது.

இரண்டாவது தடை இதைவிடப் பெரியது. பின்னால் உள்ள ஜோடி டயர்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை முடிவு செய்வது ரிம்மின் அமைப்பு. டயரை மாற்றினால் அந்தத் தூரம் மாறாது. 225க்குப் பதில் 245 போட்டால் ஒவ்வொரு டயரும் பக்கத்துக்கு 10 மில்லிமீட்டர் பருக்கும். ஒன்றையொன்று பார்க்கும் பக்கங்கள் இரண்டு என்பதால் இடைவெளியில் 20 மில்லிமீட்டர், ஏறக்குறைய முக்கால் அங்குலம், காணாமல் போகும். வெறுமனே நிற்கும்போது விரல் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தாலும், சுமை ஏறி, தரையைத் தொடும் இடத்தில் டயர் உப்பி, ஒரு வளைவில் திரும்பும்போது அவை உரசிக்கொள்ளும். உரசலால் வரும் தேய்மானத்தைவிட வெப்பம்தான் கொல்லி. இரண்டு டயருக்கும் நடுவே காற்றோடி வெப்பத்தை எடுத்துச் செல்லவே அந்த இடைவெளி. ஒவ்வொரு அளவுக்கும் குறைந்தபட்ச ஜோடி இடைவெளி எவ்வளவு என்பது டயர் நிறுவனத்தின் தரவுப் புத்தகத்தில் இருக்கும். கடைக்காரரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒற்றைச் சக்கரப் பிக்கப்புக்கு இந்தக் கேள்வியே எழாததால் பல கடைகளில் இதை யோசிப்பதில்லை.

அடுத்து எல்டி215/85ஆர்16. இதற்கு 5.5 முதல் 7 அங்குல ரிம் பொருந்தும், ஆகவே உங்கள் ரிம்மில் முறையாக உட்காரும். அகலம் குறைவு என்பதால் ஜோடி இடைவெளி கொஞ்சம் கூடவே செய்யும், அது நல்லது. உயரம் கணக்கிட்டுப் பார்த்தால் இப்போதைய டயர் 29.3 அங்குலம், இது 30.4 அங்குலம். விட்டத்தில் 1.1 அங்குலம் கூடினால் அச்சு உயர்வது அதில் பாதி, அதாவது அரை அங்குலத்துக்குச் சற்று மேல். வாசல் சரிவில் உரசுவது அரை அங்குலத்தில் தீருமா என்பதை உரசும் இடத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. பின் அச்சுக்கு அப்பால் நீளும் வால்தான் அதற்குக் காரணம். சரிவைக் குறுக்காக ஏறி இறங்குவதும், வால் நுனியில் இரும்பு உருளை பொருத்துவதும் டயரைவிட அதிகம் உதவும்.

இந்த அளவைப் பற்றிப் பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. லோடு ரேஞ்ச் இ-யில் எல்டி215/85ஆர்16 தாங்குவதும் அதே 2,680, அதே 2,470 பவுண்டுதான். உயரம் கூடுகிறது, தாங்குதிறன் ஒரு பவுண்டும் கூடுவதில்லை. மாறாக வேகமானி 3.8 சதவீதம் குறைத்துக் காட்டத் தொடங்கும்: முள் 60இல் நிற்கும்போது நீங்கள் 62 மைலுக்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். உங்கள் பின் அச்சின் பல்சக்கர விகிதம் 4.56 என்றால் அது 4.39 போல நடந்துகொள்ளும். சமவெளியில் இது சுகம். மேற்கு வர்ஜீனியாவின் மலையேற்றங்களில் கியர் அடிக்கடி கீழிறங்குவது தெரியும். சக்கரக் குழிக்குள் மேற்பலகையைத் தொடாமல் சுழல இடம் இருக்கிறதா என்பதையும் அளக்க வேண்டும். வண்டிக்கூட்டைக் கட்டியது ஃபோர்டு அல்ல என்பதால் இது ஒவ்வொரு வண்டிக்கும் மாறும்.

வண்டி அலைவது பற்றி: அதற்கு டயர் அகலத்தைக் குறை சொல்ல வேண்டாம். இ-450இன் முன்பக்கம் இரட்டை ஐ-பீம் அமைப்பு, அதாவது ஒவ்வொரு முன்சக்கரத்தையும் தனித்தனி இரும்புத் தண்டு தாங்கும். மோட்டார்ஹோம் கூட்டின் எடை ஏறிய பிறகு கேஸ்டர் கோணத்தை, அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வை, சரிசெய்யாமலே பல வண்டிகள் ஓடுகின்றன; கோணத்தை மாற்றும் புஷ் போட்டுக் கனரக வாகன அலைன்மென்ட் கடையில் சரிசெய்தால் பெரும்பாலும் அடங்கும். முன்டயரில் தேவைக்கு மீறிக் காற்று அடித்திருந்தாலும் அலையும்.

எந்த முடிவுக்கும் முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பயணத்துக்குப் போவது போலவே தண்ணீர், எரிபொருள், சாமான், ஆட்கள் எல்லாவற்றையும் ஏற்றி எடை போடுங்கள். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் எடைமேடை உண்டு. அச்சு வாரியாகப் போட்ட பின், மேடைக்காரர் அனுமதித்தால் வலது, இடது பக்கங்களையும் தனித்தனியாகப் போடுங்கள். எடை தெரியாமல் டயர் அளவு பேசுவது ஆழம் தெரியாமல் காலை விடுவது.

பாலைவழி எழுதியது:

நெடுவழியான் ஐயா சொல்வதெல்லாம் புத்தகத்தின்படி சரி. ஆனால் நான் அரிசோனாவில் இதே இ-450இல் மூன்று ஆண்டுகளாக 245/75 போட்டு ஓட்டுகிறேன். வெடிக்கவும் இல்லை, உரசவும் இல்லை. வண்டி முன்பைவிட நிலையாகப் போகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இணையத்தில் எல்லோரும் தேவைக்கு அதிகமாகப் பயமுறுத்துகிறார்கள்.

நெடுவழியான் எழுதியது:

உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை, நண்பரே. இரண்டு கேள்விகள் மட்டும். உங்கள் வண்டியின் நீளம் எவ்வளவு, பின்அச்சு எடை எவ்வளவு? 22 அடி வண்டியில் பின்அச்சுச் சுமை மிகவும் குறைவாக இருக்கும். டயர் அவ்வளவாக உப்பாது. அடுத்து, உள்பக்க டயரின் வெளிச்சுவரையும் வெளிப்பக்க டயரின் உட்சுவரையும் விளக்கு வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நிற்கும் வண்டியில், டயர் தரையைத் தொடும் இடத்தில், இரண்டுக்கும் நடுவில் ஒரு மரச்சட்டத்தை நுழைத்து அளந்து சொன்னால் எல்லோருக்கும் பயன்படும்.

பாலைவழி எழுதியது:

வண்டி 23 அடி, ஐயா. எடை போட்டதில்லை. இன்று காலை படுத்துப் பார்த்தேன். வலப்பக்க ஜோடியில் உள்டயரின் எழுத்துகள் ஓரிடத்தில் வழுவழுவென்று தேய்ந்திருக்கின்றன. அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

பழைய பட்டறை எழுதியது:

ஏரிக்கரை அவர்களின் வண்டிக்கு நேரடியாகத் தொடர்பில்லை என்றாலும், பழைய மோட்டார்ஹோம், மாற்று அளவு என்று தேடி இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களில் எண்பதுகளின் வண்டி வைத்திருப்பவர்களும் இருப்பார்கள் என்பதால் இதைச் சொல்லிவிடுகிறேன். முன்பு என்னிடம் 1984 மாடல் செவ்ரோலெ சேஸி கொண்ட மோட்டார்ஹோம் இருந்தது. அதன் ரிம் 16 அல்ல, 16.5 அங்குலம், டயர் 8.75ஆர்16.5. அந்த அளவில் டயர் கிடைப்பது அரிதாகிவிட்டதால், அரை அங்குலம்தானே, 16 அங்குல டயரை இழுத்து மாட்டிவிடலாம் என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் இருந்தார்கள். அது உயிரைப் பறிக்கும் யோசனை.

அந்த அரை அங்குலம் வெறும் அளவு வேறுபாடு அல்ல. 16.5, 17.5, 19.5, 22.5 என்று அரையில் முடியும் ரிம்கள் ஒரே குடும்பம்; டயரின் விளிம்பு உட்காரும் இடம் அவற்றில் 15 பாகை சரிவாக இருக்கும். 16 அங்குல ரிம்மில் அந்தச் சரிவு 5 பாகைதான். 16 அங்குல டயரை 16.5 ரிம்மின் மேல் கடத்திவிட முடியும், அதுதான் ஆபத்து. விளிம்பு முழுமையாக உட்காரவே உட்காராது. உட்காரவில்லையே என்று இன்னும் இன்னும் காற்றை ஏற்றும்போது விளிம்புக்குள் இருக்கும் எஃகுக்கம்பி அறுந்து டயர் வெடிக்கும். மாட்டுகிறவர் அதன் மேல் குனிந்திருப்பார். 1998இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று இதைப் பற்றியதே: டயரின் மேல் படத்தோடு எச்சரிக்கை ஒட்டியிருந்தும், ஒரு மெக்கானிக் 16 அங்குல டயரை 16.5 ரிம்மில் மாட்டிக் காற்றடித்தபோது அது வெடித்து அவர் படுகாயமடைந்தார். இன்னும் பாதுகாப்பான விளிம்பு வடிவமைப்பு அப்போதே இருந்தது என்பதால், எச்சரிக்கை ஒட்டியிருந்தது ஒன்றே டயர் செய்த நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்று நீதிமன்றம் சொன்னது.

நான் செய்தது ஆறு ரிம்களையும் 16 அங்குலத்துக்கு மாற்றியது. ரிம் தேடும்போது போல்ட் எண்ணிக்கையும் வட்டமும் பொருந்தினால் போதாது. நடுத்துளை, நட்டு உட்காரும் கூம்பின் வடிவம், ஜோடி இடைவெளியைத் தரும் ஆஃப்செட், ரிம்மில் பொறித்த எடை, அழுத்த வரம்பு எல்லாம் பொருந்த வேண்டும். டயரைவிட ரிம்முக்கே அதிகம் செலவானது. வண்டியை விற்கும்போது அதைக் கேட்டுத்தான் வாங்கினார்கள் என்பது ஒரு ஆறுதல்.

ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை எல்லாவற்றையும் ஏற்றி எடை போட்டு வந்தேன். முன் அச்சு 4,120 பவுண்டு, பின் அச்சு 9,180. கதவுத் தூணில் உள்ள சீட்டின்படி வரம்பு முன்னால் 4,600, பின்னால் 9,450, மொத்தம் 14,050. எல்லாம் வரம்புக்குள் இருக்கிறதே என்று மகிழ்ந்தேன். பின் அச்சை நான்கால் வகுத்தால் டயருக்கு 2,295, தாங்குதிறன் 2,470.

பிறகு மேடையில் இருந்த பெண்மணி அனுமதித்ததால் ஒருபக்கச் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தினேன். பின்அச்சில் இடது பக்கம் 4,330, வலது பக்கம் 4,850. அதாவது வலப்பக்க ஜோடியில் ஒவ்வொரு டயரும் 2,425 பவுண்டு சுமக்கிறது. வரம்புக்கு 45 பவுண்டுதான் பாக்கி, அதுவும் 80 பிஎஸ்ஐ முழுமையாக இருந்தால். நான் இதுநாள்வரை 70இல் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஃப்ரிட்ஜ், அடுப்பு, அலமாரி, குடிநீர்த் தொட்டி எல்லாம் வலப்பக்கத்தில். இப்போது தாங்குதிறன் கூடிய டயரைத் தேட வேண்டுமா? வேன்களுக்கான 225/75ஆர்16சி என்று ஒரு வகை இருப்பதாகப் படித்தேன்.

நெடுவழியான் எழுதியது:

பக்கவாட்டு எடையையும் போட்டு வந்தது மிக நல்லது. அச்சு எடையோடு நிறுத்தியிருந்தால் இது தெரிந்திருக்காது.

நீங்கள் சொல்லும் சி வகை ஐரோப்பிய முறையில் வந்தது. அதில் சுமைக் குறியீடு 121/120 உள்ளவை தனியாக 1,450 கிலோ, ஜோடியாக 1,400 கிலோ தாங்கும். பவுண்டில் சொன்னால் ஜோடியாக ஏறக்குறைய 3,086. ரிம் அகலமும் உயரமும் உங்களுக்கு ஒத்துவரும். ஆனால் அந்த எண் டயரின் முழு அழுத்தத்துக்கு உரியது. உங்கள் ரிம்மில் பொறித்துள்ள வரம்பு அதற்குக் கீழே இருந்தால் முழு அழுத்தத்தைக் கொடுக்க முடியாது. எல்டி டயருக்கான காற்றழுத்த அட்டவணையையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது, அந்த நிறுவனத்தின் அட்டவணை தனியாக வேண்டும். எப்படி இருந்தாலும் பின்அச்சின் 9,450 பவுண்டு வரம்பு டயர் மாற்றினால் உயராது. கூடுதல் இருப்பாக வைத்துக்கொள்ள நல்ல டயர். கூடுதல் சாமான் ஏற்ற உரிமம் அல்ல.

என் ஆலோசனை, சுமையை முதலில் நகர்த்துங்கள். குடிநீர் ஒரு கேலன் 8.3 பவுண்டு. தொட்டி 40 கேலன் என்றால் 330 பவுண்டுக்கு மேல் வலப்பக்கத்தில் சும்மா பயணம் செய்கிறது. கால்வாசி நிரப்பிக்கொண்டு கிளம்பி, முகாமுக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாம். கனமான கருவிப்பெட்டியை இடப்பக்க அறைக்கு மாற்றுங்கள். பின்னர் மறுபடியும் எடை போடுங்கள். கடையில் யாராவது லோடு ரேஞ்ச் டி டயரை மலிவாகத் தந்தால் வாங்கிவிடாதீர்கள். அது ஜோடியாக 2,150தான் தாங்கும், நான்கும் சேர்ந்து 8,600, உங்கள் அச்சின் வரம்புக்கே போதாது.

பழைய பட்டறை எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. ஜோடியில் இரண்டு டயர்களுக்கும் விட்டம் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. அதனால் அவசரத்துக்கு ஒன்று புதிய அளவு, ஒன்று பழைய அளவு என்று பின்னால் கலக்கவே கூடாது. உயரமானது முழுச் சுமையையும் தாங்கும், குட்டையானது தரையில் இழுபடும். 215/85 எடுப்பதாக இருந்தால் ஸ்டெப்னியையும் சேர்த்து ஏழு வாங்க வேண்டும் என்பதை விலைக் கணக்கில் மறந்துவிடாதீர்கள்.

ஏரிக்கரை எழுதியது:

தண்ணீரைக் கால் தொட்டியாகக் குறைத்து, கருவிப்பெட்டி, ஜாடிகள், அம்மாவின் கல் அம்மி எல்லாவற்றையும் இடப்பக்கம் மாற்றி மறுபடியும் எடை போட்டேன். வலது பின்பக்கம் 4,520க்கு இறங்கியது, டயருக்கு 2,260. (அம்மியை வீட்டிலேயே விட்டுவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன், அது மட்டும் நடக்கவில்லை.)

பழைய அளவிலேயே, எல்டி225/75ஆர்16 லோடு ரேஞ்ச் இ, ஆறு டயர்களை வேறொரு கடையில் சொல்லிவைத்திருக்கிறேன். மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். ரப்பர் வால்வுகளுக்குப் பதிலாக உலோக வால்வு போடச் சொல்லியிருக்கிறேன், உள்டயருக்கு வளைந்த நீள வால்வு. அலைன்மென்ட்டுக்கும் நாள் வாங்கிவிட்டேன். வாசல் சரிவுக்கு உருளை பொருத்தப் போகிறேன்.

நெடுவழியான் எழுதியது:

நல்லது. மாட்டுவதற்கு முன் ஆறு டயரின் டிஓடி எண்ணையும் நீங்களே படித்துப் பாருங்கள்; அந்த எண் பல டயர்களில் ஒரு பக்கச்சுவரில் மட்டும்தான் முழுமையாக இருக்கும். கிடங்கில் இரண்டு மூன்று ஆண்டு கிடந்தது ஒன்று இருந்தாலும் மாற்றித் தரக் கேளுங்கள். நட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கு அளவியால் இறுக்கச் சொல்லி, முதல் 50 முதல் 100 மைலுக்குள் மறுபடியும் இறுக்கிப் பாருங்கள். ஜோடிச் சக்கரத்தில் இதைத் தவறவிடக் கூடாது.